அமெரிக்காவின் தனிச்சிறப்பு நம்பிக்கை முடிந்துவிட்டதா, முகம் மாறியிருக்கிறதா?

கேள்வி: நெடுவழி

மற்ற நாடுகளின் வரலாற்று விதிகள் தம் நாட்டுக்குப் பொருந்தா, உலகுக்கு விடுதலையின் வழியைக் காட்டவே அது தோன்றியது என்னும் நம்பிக்கை அமெரிக்க அரசியலில் கட்சி வேறுபாடின்றி நெடுங்காலமாக நிலவி வந்திருக்கிறது. 1998-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட், அமெரிக்கா உலகுக்குத் தவிர்க்க முடியாத நாடு என்றும், மற்றவர்களைவிட நிமிர்ந்து நிற்பதால் எதிர்காலத்தை அதிகத் தொலைவு காண்கிறது என்றும் கூறினார். 2009-இல் பராக் ஒபாமா, பிரிட்டிஷாரும் கிரேக்கரும் தத்தம் நாட்டின் சிறப்பை நம்புவதைப் போலவே தாமும் தம் நாட்டின் தனிச்சிறப்பை நம்புவதாகச் சொன்னபோது, அந்த ஒப்பீட்டுக்காகவே உள்நாட்டில் கண்டனத்துக்கு உள்ளானார். 2014-இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் பேசும்போது அந்த நம்பிக்கை தமக்கு முழுமையாக உண்டு என்று அவர் அழுத்திச் சொன்னார்.

இப்போது காட்சி வேறாக இருக்கிறது. 2025 ஜனவரியில் பாரிஸ் காலநிலை உடன்பாட்டிலிருந்தும் உலக சுகாதார நிறுவனத்திலிருந்தும் விலகும் ஆணைகள் பிறந்தன. 1961-இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலை முதல் நாளோடு மூடப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில், உக்ரைன் படையெடுப்பு தொடர்பாக ஐ.நா. பொதுச்சபையில் ஐரோப்பிய நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை எதிர்த்து, ரஷ்யாவோடு சேர்ந்து அமெரிக்கா வாக்களித்தது.

என் கேள்வி இதுதான். உலகை வழிநடத்தும் கடமை தமக்கு உண்டு என்ற நம்பிக்கை இங்கே முடிவுக்கு வந்துவிட்டதா? அல்லது, இப்போது நாம் காண்பதும் அதே நம்பிக்கையின் இன்னொரு வடிவமா? அந்த நம்பிக்கையின் பெயரால் நடந்த போர்களை எண்ணிப் பார்க்கும்போது அது போவதே நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் அதோடு சேர்ந்து போகக்கூடியவற்றை எண்ணும்போது அவ்வளவு எளிதாக அந்த முடிவுக்கு வர இயலவில்லை. வரலாறும் பன்னாட்டுச் சட்டமும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நண்பர் நெடுவழி அவர்களுக்கு, இந்த நம்பிக்கை தொடக்கம் முதல் ஒரே பொருளில் இருந்ததில்லை என்பதிலிருந்து தொடங்குவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

1630-இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்துக்குப் புறப்பட்ட பியூரிட்டன் என்னும் கிறித்தவச் சீர்திருத்தப் பிரிவினரின் கூட்டத்துக்கு ஜான் விந்த்ராப் ஆற்றிய உரையில், விவிலியத்திலிருந்து எடுத்த 'மலைமேல் உள்ள நகரம்' என்னும் உருவகம் வருகிறது. இன்று அது பெருமிதத்தின் சின்னமாகப் படிக்கப்படுகிறது. ஆனால் அவர் சொன்னது எச்சரிக்கை: எல்லாக் கண்களும் நம்மீது இருக்கின்றன, இறைவனோடு செய்த உடன்படிக்கையில் நாம் பொய்த்தால் உலகம் நம்மைப் பழித்துப் பேசும் என்பதே அந்தப் பகுதியின் சாரம். அந்த உரை 1838 வரை அச்சேறவே இல்லை. அதனால் குடியரசை நிறுவியவர்கள் அதை அடித்தளமாகக் கொண்டார்கள் என்று கருத இடமில்லை. 1961-இல் ஜான் கென்னடியும் பின்னர் ரொனால்டு ரீகனும் மேடையில் எடுத்தாண்ட பிறகே அது பொதுமக்களின் நாவில் நிலைத்தது. ரீகன் அதோடு 'ஒளிரும்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். எச்சரிக்கை மங்கி ஒளி மட்டும் மிஞ்சியது.

குடியரசின் முதல் நூறாண்டில் இந்த நம்பிக்கை பெரும்பாலும் ஒதுங்கி நிற்பதையே வேண்டியது. 1796-இல் பதவியிலிருந்து விடைபெறும்போது ஜார்ஜ் வாஷிங்டன் வெளிநாடுகளுடன் நிலையான கூட்டணிகள் வேண்டாம் என்று அறிவுறுத்தினார். 1821 ஜூலை 4 அன்று, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடி அமெரிக்கா வெளியே செல்வதில்லை என்றார். அப்படிச் சென்றால் உலகையே ஆளும் நிலையை அது அடையக்கூடும், ஆனால் தன் ஆன்மாவுக்குத் தானே உரிமையுடையதாக இராது என்பது அவர் கவலை. இவ்வாறு சொன்ன தலைமுறையே கண்டத்துக்குள் பூர்வகுடிகளின் நிலங்களைப் பறித்துக்கொண்டிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒதுங்கி நிற்றல் என்பது கடல் கடந்த அரசியலுக்கு மட்டுமே பொருந்தியது.

முதல் பெரும் திருப்பம் 1898. ஸ்பெயினோடு நடந்த போரின் முடிவில் அதிபர் வில்லியம் மெக்கின்லியின் அரசு பிலிப்பைன்ஸைக் கைக்கொண்டு, அதற்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. விடுதலை பெற்றுத் தரப் போனதாகச் சொன்ன படை, பிலிப்பைன்ஸ் மக்களின் சொந்த விடுதலைப் போராட்டத்தை ஒடுக்கும் படையாக மாறியது. அதை எதிர்த்து அமெரிக்கர்களே பேரரசுவாத எதிர்ப்புக் கழகம் கண்டார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த ஏற்பாடு இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. உலக நிதி ஒழுங்கை வகுத்த பிரெட்டன் உட்ஸ் உடன்பாடு, ஐ.நா., ஏறக்குறைய 1,300 கோடி டாலர் செலவில் ஐரோப்பாவை நிமிர்த்திய மார்ஷல் திட்டம், 1949-இல் நேட்டோ இராணுவக் கூட்டணி ஆகியவற்றின் வழியே, எல்லோரையும்விட வலிய நாடு தன்னையும் விதிகளுக்குள் கட்டிக்கொள்வதாக உலகுக்கு வாக்குக் கொடுத்தது. அதிபர் உட்ரோ வில்சன் முதல் உலகப் போருக்குப் பின் கேட்டு, 1919-இலும் 1920-இலும் செனட் மறுத்துவிட்ட கட்டுப்பாடு இது. கடமை என்று நீங்கள் குறிப்பிடுவது இந்த வாக்கைத்தான்.

ஆனால் வாக்குக் கொடுத்த கையோடு விதிவிலக்கும் எழுதிக்கொள்ளப்பட்டது. என் கருத்தில் முழுக் கதையின் மையமும் இதுவே. 1946-இல் பன்னாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டபோது, உள்நாட்டு விவகாரங்கள் அதற்கு உட்படா என்றும், எது உள்நாட்டு விவகாரம் என்பதை அமெரிக்காவே முடிவு செய்யும் என்றும் செனட் நிபந்தனை சேர்த்தது. 1948-இல் கையெழுத்திட்ட இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைக்கு இறுதி ஒப்புதல் அளிக்க 40 ஆண்டுகள் ஆயின. நிகராகுவா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 1986-இல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து அமெரிக்கா விலகிக்கொண்டது, தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தையும் பாதுகாப்பு அவையில் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. கடல் சட்ட உடன்படிக்கையை அது இன்றுவரை ஏற்கவில்லை; குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்காத ஒரே ஐ.நா. உறுப்பு நாடும் அதுவே. 2002-இல் இயற்றப்பட்ட சட்டம், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அமெரிக்கப் படையினரைக் காவலில் வைத்தால் அவர்களை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாள அதிபருக்கு அதிகாரம் தருகிறது. அதே நீதிமன்றத்துக்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த கொடுமைகளை விசாரணைக்கு அனுப்பும் தீர்மானம் 2005-இல் வந்தபோது, அதே அமெரிக்கா வாக்களிப்பிலிருந்து விலகி நின்று அது நிறைவேற இடம் கொடுத்தது. பிறருக்கு நீதிமன்றம் வேண்டும், தனக்கு வேண்டாம் என்ற நிலை இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: கடமை கைவிடப்படுகிறது, விதிவிலக்கு கைவிடப்படவில்லை. முன்பு இரண்டும் சேர்ந்தே வந்தன; மற்ற நாடுகள் இரண்டாவதைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் முதலாவதால் கிடைத்த பயன். 2025 பதவியேற்பு உரையில் டொனால்டு டிரம்ப், மெக்கின்லியைப் புகழ்ந்து, பனாமா கால்வாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். இது உலகிலிருந்து ஒதுங்கும் நாட்டின் பேச்சு அன்று. 1821-இன் ஆடம்ஸிடம் திரும்புவதாகச் சிலர் எழுதுகிறார்கள், திரும்புவது 1898-க்குத்தான்.

மறுமொழி: எண்ணும் எடையும்

ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கத்தில் சான்றுகளை மறுக்கவில்லை; ஆனால் நம்பிக்கைகளை வைத்து வல்லரசின் போக்கை விளக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பலம் இருக்கும்வரை கடமை பேசுவார்கள், பலம் குறையும்போது கணக்குப் பார்ப்பார்கள்.

1945-இல் மற்றத் தொழில்நாடுகள் இடிபாடுகளில் கிடந்தபோது, உலக உற்பத்தியில் பாதிக்கு அருகே அமெரிக்காவிடம் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று அது ஏறத்தாழ கால் பங்கு. தங்கத்துக்கு டாலரை மாற்றித் தரும் உறுதியை 1971-இல் ரிச்சர்டு நிக்சன் கைவிட்டபோதே, தான் வகுத்த விதி தனக்குச் சுமையானால் அதை அமெரிக்கா தூக்கி எறியும் என்பது தெரிந்துவிட்டது. 2000-இல் 1.7 கோடிக்கு மேல் இருந்த தொழிற்சாலை வேலைகள் 2010-இல் ஏறத்தாழ 1.15 கோடியாகச் சுருங்கின. அந்த வேலைகளை இழந்த ஊர்களில் வாழ்ந்தவர்களிடம், உலக ஒழுங்கைத் தாங்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லி எந்தக் கட்சி வாக்கு வாங்க முடியும்? 2024 நிதியாண்டில் நடுவண் அரசு செலுத்திய கடன் வட்டி அதன் பாதுகாப்புச் செலவையே மிஞ்சியது.

மாற்றத்தை ஒரே அதிபரின் தலையில் கட்டுவதும் சரியன்று. நாடுகளின் வணிக வழக்குகளில் மேல்முறையீட்டை விசாரிக்கும், உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறுப்பினர் ஒருவர் மீண்டும் நியமிக்கப்படுவதை 2016-இல் தடுத்தது ஒபாமாவின் அரசு. எல்லா நியமனங்களையும் தடுத்து, 2019 டிசம்பரில் அக்குழுவைச் செயலிழக்க வைத்தது டிரம்பின் முதல் அரசு. அடுத்து வந்த ஜோ பைடன் அரசு நான்கு ஆண்டுகளில் அந்தத் தடையை நீக்கவில்லை. மூன்று அரசுகள், இரண்டு கட்சிகள், ஒரே திசை.

பலம் குறைந்தது என்று சொல்லும்போது அளவையும் மறக்கக் கூடாது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் அமெரிக்காவின் இராணுவச் செலவு 99,700 கோடி டாலர். அது உலகச் செலவில் 37 விழுக்காடு. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு, நூற்றாண்டின் தொடக்கத்தில் 70 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது; ஆயினும் அடுத்த இடத்தில் உள்ள யூரோ அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. நலிந்த வல்லரசு என்று இதை அழைக்க இயலாது. எல்லாவற்றையும் தானே தாங்க இயலாத, ஆனால் எவரும் கட்டாயப்படுத்தவும் இயலாத வல்லரசு. 2025-இல் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் 2035-க்குள் தத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு செலவிட ஒப்புக்கொண்டதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்: சுமை கூட்டாளிகளின் தோளுக்கு மாறுகிறது, கட்டளையிடும் இடம் மாறவில்லை.

மறுமொழி: தெற்குவாசல்

மேலே பேசியவர்கள் இருவரும் இந்த நம்பிக்கையை அதிபர்களும் செனட்டர்களும் பயன்படுத்திய விதத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அதை அரசுக்கு எதிராகத் திருப்பியவர்களின் வரலாறும் உண்டு. எனக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோச்செஸ்டர் நகரில் பேசும்போது, உங்கள் விடுதலை நாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டார். விடுதலைப் பிரகடனத்தை அவர் தள்ளிவிடவில்லை. அது சொன்னதைச் செய்யுங்கள் என்றார். 1947-இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபோயிஸ் தொகுத்த முறையீட்டை ஐ.நா.விடம் அளித்தது. ஐ.நா. அதை விசாரணைக்கு எடுக்கவில்லை என்றாலும், தன் நாட்டின் நிறவெறி உலகின் முன்னால் வைக்கப்பட்டது வாஷிங்டனைக் கூசச் செய்தது. பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில், 1952 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை உச்ச நீதிமன்றத்தில் அளித்த மனுவே, இனப் பாகுபாடு கம்யூனிஸ்டுப் பரப்புரைக்குத் தீனியாகிறது என்று எழுதியது. 1957-இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குக் கறுப்பின மாணவர்கள் செல்லப் படையை அனுப்பிய அதிபர் டுவைட் ஐசன்ஹோவர், நாட்டின் எதிரிகள் இந்த நிகழ்வைக் கண்டு மகிழ்கிறார்கள் என்று மக்களிடம் கூறினார்.

உரிமை கிடைத்தது அந்தக் கூச்சத்தால் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்துப் போராடிய மக்களால்தான் கிடைத்தது. ஆனால் தன்னை முன்மாதிரி என்று அறிவித்துக்கொண்ட அரசிடம், அந்த அறிவிப்பையே ஆயுதமாக எடுத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. 1967 ஏப்ரலில் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரைக் கண்டித்தபோதும் இதையே செய்தார். தென்கிழக்கு ஆசியாவில் விடுதலையை உறுதிசெய்ய 8,000 மைலுக்கு அப்பால் அனுப்பப்படும் கறுப்பின இளைஞர்களுக்கு, ஜார்ஜியாவிலும் கிழக்கு ஹார்லெமிலும் அந்த விடுதலை கிடைத்ததில்லை என்றார்.

முன்மாதிரியாக இருக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை, எங்கள் நலன் மட்டுமே எங்களுக்கு முக்கியம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினால், பாசாங்கு ஒழிந்தது என்று சிலர் வரவேற்கிறார்கள். நான் வரவேற்கவில்லை. வாக்கே கொடுக்காதவனிடம் வாக்குத் தவறிவிட்டாய் என்று எவரும் முறையிட முடியாது. உள்நாட்டில் உரிமை கேட்பவர்களுக்கும், வெளிநாட்டுச் சிறைகளிலிருந்து அமெரிக்கத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுபவர்களுக்கும் இது உண்மையான இழப்பு.

மறுமொழி: நெடுவழி

மூவருக்கும் நன்றி. தெற்குவாசல் அவர்கள் சொன்னது என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது. இன்னும் ஒன்று கேட்கிறேன். வலியவன் தன்னை விதிக்குள் கட்டிக்கொள்ள மறுக்கும்போது, சிறிய நாடுகளுக்கு அந்த விதிகளால் ஏதேனும் பயன் மிஞ்சுமா? அல்லது அந்த இடத்துக்குச் சீனா வந்து தன் விதிகளை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சமா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

முதலில் சீனாவைப் பற்றி: விதிவிலக்குக் கோருவதில் அதுவும் பின்தங்கவில்லை. தென் சீனக் கடல் தொடர்பாகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016-இல் வந்த நடுவர் தீர்ப்பை, கடல் சட்ட உடன்படிக்கையின் உறுப்பு நாடாக இருந்தும், சீனா ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பை மதிக்கும்படி சீனாவை வற்புறுத்தும் அமெரிக்காவோ அந்த உடன்படிக்கையிலேயே இல்லை. ஒருவர் கையெழுத்திட்டுவிட்டு மீறுகிறார், மற்றவர் கையெழுத்திடாமல் மேற்கோள் காட்டுகிறார். இடையில் மீன்பிடிக்க வழியின்றி நிற்பவர்கள் பிலிப்பைன்ஸ் மீனவர்கள்.

விதிகளின் பயனைப் பொறுத்தவரை, வணிகத்தையும் நலவாழ்வையும் ஒரு பக்கமும், படைபலத்தை மறுபக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். வணிகத்தில் அமெரிக்கா இல்லாமலேயே சில வேலைகள் நடந்திருக்கின்றன. பசிபிக் வணிக உடன்பாட்டிலிருந்து 2017 ஜனவரியில் அது விலகியபோது எல்லாம் முடிந்தது என்றார்கள். எஞ்சிய 11 நாடுகள் உடன்பாட்டைத் திருத்தி 2018 இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன, பின்னர் பிரிட்டனும் சேர்ந்தது. மேல்முறையீட்டுக் குழு செயலிழந்த பின், ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும், சீனா உட்பட, 2020-இல் தமக்குள் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டை அமைத்துக்கொண்டன. பெருந்தொற்று உடன்பாடு 2025 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தில் அமெரிக்கா இன்றியே ஏற்கப்பட்டது.

படைபலத்தில் நிலைமை வேறு. 1956-இல் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியபோது, தாக்கியவர்கள் தன் நெருங்கிய நண்பர்களாக இருந்தும், அமெரிக்கா பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டு சென்று, பவுண்டு நாணயம் சரிந்தபோது நிதியுதவிக்கான வழியை அடைத்து, பிரிட்டன் பின்வாங்கும்படி செய்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர்தான் அதே ஐசன்ஹோவர் அரசு குவாட்டமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்திருந்தது என்பதால், இதில் தூய அறத்தைத் தேட வேண்டியதில்லை. சோவியத் ஒன்றியத்தோடு இருந்த போட்டியும் காரணம். என்றாலும் வலிய நாடு தன் கூட்டாளிகளுக்கும் விதியைப் பொருத்தியதால் சிறிய நாடு தன் நிலத்தைத் திரும்பப் பெற்றது. அதைச் செய்யக்கூடிய வேறொரு நாடோ நாடுகளின் கூட்டமோ இன்று இல்லை. 11 நாடுகள் சேர்ந்து சுங்கவரி அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம். எல்லை தாண்டிய டாங்கிகளைத் திருப்பி அனுப்ப அவற்றால் ஆகாது.

எண்ணும் எடையும் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பலம் குறைந்ததால் கணக்குப் பார்க்கிறார்கள் என்ற விளக்கம் உதவித் திட்டங்களுக்கும் வணிக உடன்பாடுகளுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் மீது 2020-இலும் 2025-இலும் தடை விதித்ததில் என்ன செலவு மிச்சமாகிறது? அந்த நீதிமன்றத்துக்கு அமெரிக்கா சந்தா செலுத்துவதே இல்லை. பணக் கணக்கால் விளக்க முடியாத இத்தகைய செயல்களில்தான் பழைய நம்பிக்கை இன்னும் உயிரோடு இருப்பதைக் காண்கிறேன். அடுத்து வரும் அரசு எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், மூடிய உதவி அலுவலகங்களை மீண்டும் திறக்கிறதா என்பதைவிட, 1994 முதல் காத்திருக்கும் கடல் சட்ட உடன்படிக்கையை செனட் வாக்கெடுப்புக்கு எடுக்கிறதா என்பதையே நான் கவனிப்பேன்.